பத்துக்குப் பத்து

ஆழியாறு செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது தமயந்திக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. பயத்தினால் இல்லை, இந்த பஸ்ஸைவிடத் தான் சீக்கிரம் போய்விடுவோம் என்று கால்கள் நம்பியதால். நாற்பத்து நான்கு வயதில் கால்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை வரலாமா என்று நினைத்துக்கொண்டாள். வனக்காவலர் ஒருவர் ஏறி, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொரு பையாக அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார், உலகத்தில் அவருக்கு வேறு வேலையே இல்லாததுபோல. தமயந்தியின் மடியில் இருந்த நீலப் பெட்டியைத் தட்டி, என்னம்மா என்றார். மருந்து சார், ஐஸ் வெச்சிருக்கு. திறந்து காட்டினாள். காலிக் குழாய்கள் ஆறு, ஊசி, பஞ்சு, மடித்த படிவம் ஒன்று. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பக்கத்து சீட்டு அம்மாள், மீனுன்னு நெனச்சனுங்க என்றாள். மீன் இல்லை அம்மா, இன்னும் பிடிக்கவில்லை, பிடிக்கத்தான் போகிறேன் என்று தமயந்தி மனசுக்குள் சொல்லிக்கொண்டு, உடனே அந்த வார்த்தையை விழுங்கினாள். பிடிப்பது என்று சொல்லக்கூடாது. பிடிப்பது போலீஸ்காரர்கள். இவள் தேடுகிறவள் மட்டும்தான். எங்கோ ஓர் ஊரில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை, இருபத்திரண்டு கிலோ, ரத்தப் புற்றுநோய். அதற்குமேல் தமயந்திக்குத் தெரியாது, பெயரைச் சொல்ல மாட்டார்கள், ஊரைச் சொல்ல மாட்டார்கள், எடையை மட்டும் சொல்வார்கள். அந்த இருபத்திரண்டு கிலோதான் எட்டு நாளாக அவள் தோளில் உட்கார்ந்திருந்தது. அரிசி மூட்டை தூக்கும்போதெல்லாம் இது குழந்தையைவிடக் கனம், இது குழந்தையைவிட லேசு என்று கணக்குப் போட்டாள்.

பஸ் கிளம்பி முதல் வளைவில் திரும்பியது. கொண்டை ஊசி வளைவு ஒன்று, கீழே நாற்பது என்று மஞ்சள் பலகை. நாற்பதா, இந்தப் படபடப்போடு நாற்பது வளைவா. அவள் வேலை பார்க்கும் பதிவகத்தில், ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்லை நோயாளிகளுக்குக் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பட்டியல் இருக்கிறது. கல்லூரிகளில் முகாம் போட்டு, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்து, பெயரையும் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு பல வருஷம் ஒன்றும் நடக்காது. என்றைக்காவது ஒருநாள், ஒரு நோயாளியின் திசுவும் பட்டியலில் இருக்கும் யாரோ ஒருவரின் திசுவும் பத்துக்குப் பத்து பொருந்தும். கூடப் பிறந்தவர்களுக்கே பொருந்தாதது, முன்பின் தெரியாத ஒருவருக்குப் பொருந்தும். அப்படிப் பொருந்தியவர் பழைய நம்பரிலேயே இருந்தால் சென்னை ஆபீஸிலேயே பேசி முடித்துவிடுவார்கள். நம்பர் மாற்றியவர்கள், வீடு மாற்றியவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாரும் மதுரையில் இருக்கும் தமயந்திக்கு வருவார்கள். டாக்டர் அனுராதா மேடம் போன செவ்வாய்க்கிழமை போன் செய்து, தமயந்தி, ஒரு பத்துக்குப் பத்து, வேற யாருமே இல்ல, இந்த ஒருத்தர்தான், இருபதாம் தேதிக்குள்ள வேணும் என்றார். பெயர் எஸ். உலகம்மாள். பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பதிந்தது. தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். போட்டோவில் இடது புருவத்தில் ஒரு வெட்டு, அங்கே மட்டும் முடி முளைக்காமல் ஒரு கோடு. இன்று பன்னிரண்டாம் தேதி. மூன்றாவது வளைவு.

முதல் நம்பர் நாமக்கல்லில் ஒரு லாரி டிரைவரிடம் இருந்தது. இரண்டாவது நம்பர் அப்பாவுடையது. உலகம்மாள் இருக்காங்களா என்று கேட்டதற்கு ஒரு கனத்த குரல், அப்படி ஒருத்தி எங்க வீட்ல கிடையாது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. தமயந்திக்கு அந்த நிமிஷமே உடம்பு சூடாயிற்று. தப்பான நம்பர் என்று அவர் சொல்லவில்லையே. யார் நீங்க என்று கேட்கவில்லையே. ஒருத்தி என்றாரே. இல்லாத ஒருத்தியை எதற்காக அவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும். காசநோய்ப் பிரிவில் ஆறு வருஷம் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டது இது. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடுகிறவர்களைத் தேடிப் போகிற வேலை. வீட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்கக்கூடாது, சொல்லாமல் விடுவதைக் கேட்க வேண்டும். ஆளைப் பற்றி விசாரிக்கக்கூடாது, ஆளின் தேவையைப் பற்றி விசாரிக்க வேண்டும். மனுஷர்கள் ஊரை மாற்றுவார்கள், பெயரை மாற்றுவார்கள், மீசையை எடுப்பார்கள். ஆனால் மூட்டுவலிக்கு அதே தைலம் கேட்பார்கள், பிள்ளையை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள், படித்த படிப்பைக் காட்டித்தான் வேலை கேட்பார்கள். யாருமே தன்னை முழுசாக விட்டுவிட்டு ஓட முடியாது, எதையாவது கையில் எடுத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள், அது என்னவென்று தெரிந்தால் போதும். இதை நினைக்கும்போது வழக்கமாக ஒரு பெருமை வரும். இன்றைக்கு அந்தப் பெருமைக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்து நின்றது, அதை அவள் ஏறிட்டுப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். ஒன்பதாவது வளைவில் பஸ் திரும்ப, கீழே அணைக்கட்டின் தண்ணீர் மொத்தமும் ஒரே தகடாக வெயிலில் மின்னியது. பக்கத்து அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்திருந்தாள்.

அந்தக் கிராமத்துக்கு நேரில் போனது நான்காம் நாள். வீட்டுக்குப் போகவில்லை. மாவு மில்லுக்குப் போனாள். மாவு மில்லில் சத்தம் அதிகம், அதனால் பெண்கள் அங்கே பயமில்லாமல் பேசுவார்கள். கடலைமாவு அரைக்க வந்த ஒருத்தி அவள் காதருகே வந்து சொன்னாள். அந்தப் பிள்ளை போயி நாலு வருசமாச்சு. காலனிப் பையன்கூட. அண்ணன்காரன் திருப்பூர்ல தேடுனான், கேரளாவுல தேடுனான், இன்னும் தேடுதான். மாவு பறந்து எல்லார் முகத்திலும் படிந்திருந்தது. அந்தப் பெண்ணின் வெள்ளை இமைகளுக்கு நடுவே கண் மட்டும் கறுப்பாக அசைந்தது. இன்னும் தேடுதான். தமயந்திக்கு அப்போதுதான் புரிந்தது, தான் மட்டும் இந்த வேலையில் இல்லை என்று. அதற்கு முந்தின நாள்தான், தெரியாமல், அப்பாவின் நம்பருக்கு மறுபடி போன் செய்திருந்தாள். அன்றைக்கு எடுத்தது அண்ணன். எவ்வளவு இதமான குரல். மேடம், ஆஸ்பத்திரி விசயம்ங்கியள், நல்ல காரியம்லா, அவ கிடைச்சா எங்களுக்கும் ஒரு போன் போடுங்க, அம்மா பாக்கணும்னு அழுதுக்கிட்டே இருக்கா, நாங்க பழசெல்லாம் மறந்துட்டோம் மேடம். அவளும் கரைந்துபோய், கட்டாயம் சொல்றேன் தம்பி என்றாள். கட்டாயம் சொல்றேன் தம்பி. எந்த வாய் அதைச் சொன்னது. காசநோய்ப் பிரிவில் ஆறு வருஷமும் பதிவகத்தில் ஐந்து வருஷமும் கற்றதெல்லாம் எங்கே போயிற்று. அப்புறம் அவன் நான்கு முறை கூப்பிட்டுவிட்டான். அவள் எடுக்கவில்லை. போனில் அவனைத் தென்காசி அண்ணன் என்று பதிந்து வைத்திருக்கிறாள். தேடுகிறவனின் இதமான குரலை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார், அவளுடைய குரலும் அதுதானே. உங்க நல்லதுக்குத்தாம்மா கேக்குறேன் என்று எத்தனை வீட்டு வாசலில் நின்று இதே சுருதியில் பேசியிருக்கிறாள்.

பதினாறாவது வளைவோ பதினேழாவதோ, எண்ணிக்கை தவறிவிட்டது. கர்ப்பமாக இருந்தால். இந்த எண்ணம் ஒவ்வொரு வளைவிலும் வந்தது. இருபத்தெட்டு வயசு, கல்யாணமாகி நாலு வருஷம், கர்ப்பமாக இருக்க எல்லா நியாயமும் உண்டு, இருந்தால் ஒன்றும் எடுக்க முடியாது, எட்டு நாளும் வீண். ரத்தசோகை இருந்தால். மஞ்சள்காமாலை வந்திருந்தால். மாட்டேன் என்று சொன்னால். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு, படிவத்திலேயே கொட்டை எழுத்தில் அது அச்சடித்திருக்கிறது. தமயந்தி அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும், அதுதான் விதி. சொன்ன வாக்கை மதிக்கிறவள் என்று எதை வைத்து நம்புவது, இரண்டாம் வருஷம் படிக்கிற பெண் தோழிகளோடு சிரித்துக்கொண்டே கன்னத்தைத் தேய்த்துக் கொடுத்ததை வைத்தா. போன வருஷம் ஆம்பூர்ப் பக்கம் ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவள் வீட்டில் இல்லை. மாமியார் இருந்தாள். தமயந்தி அவசரத்தில், உங்க மருமக ரத்தம் ஒரு நோயாளியோட பொருந்துதும்மா என்று சொல்லிவிட்டாள். மாமியாருக்கு அதில் நோய் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. ஒரே வாரத்தில் அந்தப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இவளுக்கும் ஏதோ ரத்தக் கோளாறு என்று. அனுராதா மேடமே நேரில் போய்ப் பேசி, காகிதங்களைக் காட்டி, மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பக் கூட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு தமயந்தி ஒரு விதி வைத்திருக்கிறாள். விஷயத்தை ஆளிடம் மட்டும்தான் சொல்வது. புருஷனிடம்கூட இல்லை. போனிலும் இல்லை. போன் செய்தால் பயந்தவர்கள் ஓடிவிடுவார்கள், ஓட அவர்களுக்கு ஒரு ராத்திரி போதும். அதனால்தான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவள் போன் செய்யவில்லை. அதனால்தான் உள்ளே இருக்கிறாளா, லீவில் இருக்கிறாளா என்றுகூடத் தெரியாமல் மதுரையிலிருந்து மூன்று பஸ் மாறி மலை ஏறிக்கொண்டிருக்கிறாள். என்ன பைத்தியக்காரத்தனம். என்ன சந்தோஷம். இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொன்னால் புரியுமா. இதோ இருக்கிறாள், இந்த மலைமேல் இருக்கிறாள், எனக்குத் தெரியும் என்கிற இந்தக் கொதிப்பு.

பள்ளிக்கூடம் கிடைத்தது ஆவுடையம்மாளால். உலகம்மாள் படித்த கல்லூரி அலுவலகத்தில் இருபது வருஷமாக இருக்கும் கிளார்க். படித்த பெண், கணக்குப் பட்டம், எங்கே போனாலும் அந்தப் பட்டத்தைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போயிருப்பாள், எங்காவது ஆசிரியையாகச் சேர்ந்திருப்பாள், சேர்ந்தால் அந்தப் பள்ளிக்கூடம் உண்மைத்தன்மை கேட்டு, அதாவது இந்தச் சான்றிதழ் போலியில்லைதானே என்று கேட்டு, கல்லூரிக்கு ஒரு தபால் போட்டே ஆகவேண்டும். இந்த யோசனை தமயந்திக்கு வந்தது காய்கறி நறுக்கும்போது. கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். அனுராதா மேடம் முத்திரை வைத்துக் கடிதம் அனுப்பினார். மறுநாளே அந்தக் கடிதத்தோடு போய் நின்றபோது ஆவுடையம்மாள் அதை இரண்டு முறை படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். இது அந்தக் குழந்தைக்குத்தானே, வேற எதுக்கும் இல்லல்லா என்றாள். இல்லம்மா. ஆவுடையம்மாள் மறுபடி கேட்டாள், சத்தியமா. சத்தியமா. பிறகு தபால் பதிவேட்டை எடுத்து, ஒரு துண்டுச் சீட்டில் பள்ளியின் பெயரை எழுதி, சங்கிலிக்கல் எஸ்டேட், வால்பாறை, மடித்துக் கையில் வைத்தாள். ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, குளிரும் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ரெண்டு வருசத்துக்கு முந்தி அவ அண்ணனும் வந்தான் மேடம். உங்களை மாதிரியே இதே நாற்காலியில உக்காந்து, தங்கச்சி இங்க ஏதும் சர்ட்டிபிகேட் கேட்டு வந்தாளான்னு கேட்டான். இந்தத் தபால் அன்னைக்குத்தான் வந்திருந்துச்சு. மேசைமேல பிரிச்சுக் கிடந்துச்சு. நான் அதுக்குமேல என் டிபன் பாக்ஸைத் தூக்கி வச்சேன். அவன் போறவரைக்கும் சாப்பிடுற மாதிரியே இருந்தேன். பசியே இல்ல.

அந்த டிபன் பாக்ஸைத் தமயந்தியால் தள்ளிவைக்க முடியவில்லை. அவனும் அந்த நாற்காலிவரை வந்துவிட்டான். அவள் ஐந்து நாளில் வந்த இடத்துக்கு அவன் இரண்டு வருஷத்தில் வந்தான், ஆனால் வந்துவிட்டான், ஒரு அலுமினியப் பாத்திரத்தின் அகலம்தான் மிச்சம். அவளுடைய யோசனையும் அவனுடைய யோசனையும் ஒரே தடத்தில் போயிருக்கிறது. இப்போது அவள் நடந்து நடந்து அந்தத் தடத்தைப் பளிச்சென்று ஆக்கிவிட்டாளோ. மாவு மில், கல்லூரி, பழனி பஸ், பொள்ளாச்சி பஸ். பின்னால் திரும்பிப் பார்த்தாள். கடைசி சீட்டில் தொப்பி போட்ட ஒருவன், பொள்ளாச்சியிலிருந்தே இருக்கிறான், போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான், தலையை நிமிர்த்தவே இல்லை. சும்மா பார்க்கிறவன் இடையில் ஜன்னலைப் பார்ப்பானே. அட்டகட்டியில் பஸ் நின்றதும் அவன் எழுந்து, காலடியிலிருந்து துளைபோட்ட ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தான். உள்ளே கோழிக்குஞ்சுகள் கீச்சிட்டன. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனான். தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து அம்மாள் கண்ணைத் திறந்து, என்னுங்க என்றாள். ஒண்ணுமில்லைங்க. சிரித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி நினைவுக்கு வந்தாள், வந்ததும் சிரிப்பு நின்றது. மாவு மில்லிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தபோது பின்னாலேயே வந்த அம்மா. உலகம்மாளின் அம்மா. முந்தானையில் எதையோ முடிந்துகொண்டே, தமயந்தியைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி பேசினாள். நீங்கதான் எம் மவளைத் தேடி வந்தவுகளா. ஆமாம்மா. உசுரோட இருக்காளா. தெரியலைம்மா, தேடிக்கிட்டிருக்கேன். கண்டுபிடிச்சா எந்த ஊருன்னு எங்கிட்ட சொல்லிராதிய, அடிச்சுக் கேட்டாவன்னா எனக்கு மறைக்கத் தெரியாது. இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, போதும். அவ்வளவுதான். பஸ் வரும்முன்னே திரும்பி நடந்துவிட்டாள். பழசெல்லாம் மறந்துட்டோம் மேடம் என்ற குரல் அந்த நிமிஷத்தில்தான் தமயந்திக்கு முழுசாகப் பொய்யாயிற்று.

நாற்பதாவது வளைவு எப்போது போனது என்று தெரியவில்லை. திடீரென்று குளிர்ந்தது, மலைச்சரிவெல்லாம் தேயிலை, சீவிவிட்ட தலைபோல. காதுக்குள் டப்பென்று ஏதோ திறந்து எல்லாச் சத்தமும் பக்கத்தில் வந்தது. திரும்பிப் போய்விடலாமா. இந்த நினைப்பு ரொட்டிக்கடை என்ற ஊரைத் தாண்டும்போதுதான் முதல்முறையாக வந்தது. கிடைக்கவில்லை என்று எழுதிவிடலாம். நாலு வருஷம் பாடுபட்டு ஒருத்தி தன்னை ஒளித்து வைத்திருக்கிறாள், அவள் முன்னால் போய், கண்டுபிடிச்சுட்டேன் என்று நின்றால் அவள் முகம் எப்படிப் போகும். அப்புறம் அந்தக் குழந்தை. இருபத்திரண்டு கிலோ. எழுதிவிட்டால் அது எத்தனை கிலோ ஆகும். ஏனுங்க, சங்கிலிக்கல் ஸ்கூலுங்கதானே, எந்திரிச்சு வாங்க என்று கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் பெட்டியோடு இறங்கியிருந்தாள், பஸ் போய்விட்டது, காற்றும் தேயிலையும் தூரத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தமும் மட்டும். ஏழாம் வாய்ப்பாடு. கணக்கு டீச்சர் லீவில் இல்லை.

தகரக்கூரைக் கட்டடம், நான்கு அறை. சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டுகளோடு ஓடினார்கள். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்தாள். இடது புருவத்தில் அந்தக் கோடு. தமயந்திக்கு நெஞ்சு ஒரு முழம் மேலே ஏறி நின்றது.

“உலகம்மாளைப் பாக்கணும்” என்றாள், மெதுவாக.

“அப்பிடி யாரும் இங்க இல்லீங்களே. நான் உமாங்க.” கொங்குப் பேச்சு, ஒரு பிசிறு இல்லை. வல்லினம் மெல்லினம் எல்லாம் இந்த ஊருக்கே பிறந்ததுபோல. தமயந்திக்கு அந்தத் தொழில்நேர்த்தியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆனால் தண்ணீர்க் குழாயை மூடவேண்டிய கை மூடாமல் நின்றது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வளைவு வளைவாகத் தயாரித்து வைத்திருந்த முதல் வாக்கியம், உங்களால ஒரு உயிர் என்று தொடங்குவது, வாயில் வரவே இல்லை. வேறு வாக்கியம் வந்தது.

“உங்க வீட்டு ஆளுங்க அனுப்பி நான் வரலை. நீங்க எங்க இருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. நான் ரத்த சம்பந்தமா வந்திருக்கேன். காலேஜ்ல படிக்கும்போது கன்னத்துல பஞ்சு வெச்சுத் தேய்ச்சாங்களே, ஞாபகம் இருக்கா.”

அவள் குழாயை மூடினாள். காலியாக இருந்த மூன்றாம் வகுப்புக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். பிள்ளைகளின் சின்ன பெஞ்சில் இருவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். தமயந்தி சொன்னாள், குழந்தையை, எடையை, பத்துக்குப் பத்தை. ஆபரேஷன் இல்லை, ஐந்து நாள் ஊசி, பிறகு நாலைந்து மணி நேரம் கையில் குழாயோடு படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முடியாது என்று எந்த நேரமும் சொல்லலாம் என்ற வரியைப் படித்துக் காட்டினாள். உமா எதையும் கேட்டதுபோல் தெரியவில்லை.

“என்னை எப்படிக் கண்டுபிடிச்சீங்க.”

மறைக்கலாம். எந்தத் தொழில்காரரும் சொல்ல மாட்டார். தமயந்தி எல்லாவற்றையும் சொன்னாள், மாவு மில்லை, உண்மைத்தன்மைத் தபாலை, அண்ணன் வந்து உட்கார்ந்த நாற்காலியை, அவனுக்குத் தானே கொடுத்த வாக்கை. ஆவுடையம்மாளின் டிபன் பாக்ஸைச் சொன்னபோது உமா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எடுத்தபோது முகம் ஈரமாக இல்லை, கணக்குப் போடுகிற முகமாக இருந்தது.

“அப்ப இந்த ஒரு வழிதான் தெரிஞ்சிருக்கு.”

“இந்த ஒரு வழிதான். அந்தத் தபாலைத் தனியா எடுத்துப் பூட்டி வெக்கச் சொல்லி எங்க டாக்டர் காலேஜுக்கு எழுதிருவாங்க. நான் கேட்டு வாங்குறேன்.”

“என் வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிக்கறேன்.” அவள் வெளியே பார்த்தாள். ஒரு சிறுமி தட்டை நக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். “ஒம்பது வயசுன்னா நாலாம் வகுப்பு. வகுத்தல் வந்திருக்கும்.” பிறகு கையை நீட்டினாள். “எடுத்துக்கங்க.”

கர்ப்பம் இல்லை, காமாலை இல்லை, பெண் குழந்தை ஒன்று, இரண்டு வயசு. கேள்விகள் முடிந்து படிவத்தில் கையெழுத்துப் போட்ட பேனா, முகவரி என்ற கட்டத்தின்மேல் வந்து நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. தமயந்தி பேனாவை அவள் விரல்களிலிருந்து உருவி, அந்தக் கட்டத்தில் தன் வீட்டு முகவரியை எழுதினாள், கதவு எண், தெரு, மதுரை, பின்கோடு. அனுராதா மேடத்திடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம், திட்டினால் திட்டட்டும். முதல் குழாயில் ரத்தம் கருஞ்சிவப்பாக ஏறியது. இரண்டாவது. மூன்றாவதைச் செருகும்போது உமா கூரையைப் பார்த்தபடி கேட்டாள், நான்கு வருஷமாக உள்ளேயே வைத்திருந்த பேச்சில்.

“எங்கம்மையைப் பாத்தியளா.”

“பாத்தேன்.”

“எப்படி இருக்கா.”

“கீழ்ப்பல்லு ஒண்ணு விழுந்திருக்கு. கொஞ்சம் மெலிவுதான். ஆனா நல்ல வேகமா நடக்காங்க, என்னால கூட நடக்க முடியலை. நீங்க உசுரோட இருக்கீங்களான்னு கேட்டாங்க. ஊர் வேண்டாம், அது மட்டும் போதும்னாங்க.”

ஆறு குழாயும் நிறைந்து, பஞ்சை வைத்து முழங்கையை மடக்கிய பிறகு உமா, “நேர்ல போனா சொல்லுங்க. போன்ல வேண்டாம்” என்றாள். மணி அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மடக்கிய கையோடு ஐந்தாம் வகுப்புக்குள் போனாள். ஏனுங்கடா சத்தம் என்று அவள் குரல் கேட்டது, மறுபடி கொங்கு.

பஸ் ஸ்டாப் என்பது ஒரு கல். தமயந்தி பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதன்மேல் உட்கார முடியாமல் நின்றாள். இன்றைக்கே பொள்ளாச்சியில் கூரியர், நாளைக்குச் சென்னை, பதினைந்தாம் தேதிக்குள் முடிவு, இருபதுக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது, எவ்வளவு நிறைய நாள். அப்போது போன் அடித்தது. தென்காசி அண்ணன். ஐந்தாவது முறை. எடுக்காமல் விடலாம். ஆனால் எடுக்காமல் விட்டால் அவன் என்ன நினைப்பான். ஒரு ஆள் பதில் சொல்வதை நிறுத்தினால் அவள் என்ன நினைப்பாள், கிடைத்துவிட்டது, மறைக்கிறார்கள் என்றுதானே. மேல் வளைவில் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. இரண்டு நிமிஷம். வந்ததும் கண்டக்டர் பொள்ளாச்சி பொள்ளாச்சி என்று கூவுவார். அவள் பச்சைப் பட்டனை அழுத்தினாள்.

“மேடம், போனே எடுக்க மாட்டேங்கியளே. தங்கச்சியப் பத்தி எதும் தெரிஞ்சுதா.”

“கிடைக்கலை தம்பி. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் எடுக்கலை.” இதமான குரல், அவளுக்கு நன்றாக வருகிற குரல். “அந்தப் பேர்ல ஒண்ணுமே இல்லை. எங்களுக்கு வேற ஆள் கிடைச்சிட்டாங்க, வெளிநாட்டுல. ஃபைலை மூடிட்டோம்.”

இரைச்சல் நெருங்கியது. தேயிலைக்கு மேலே பஸ்ஸின் கூரை தெரிந்தது.

“நல்லாத் தேடுனியளா மேடம்.”

“பதினொரு வருஷமா எனக்கு இதே வேலை தம்பி. நான் தேடிக் கிடைக்கலைன்னா இல்லைன்னுதான் அர்த்தம். உங்க மனசைத் தேத்திக்கங்க.”

வைத்தாள். வைத்த கையோடு அந்த நம்பரை அழித்தாள். பஸ் திரும்பி வந்து அவள் முன்னால் குலுங்கி நின்றது, கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, பொள்ளாச்சிங்களா என்றார். ஆமாங்க என்று தமயந்தி சொன்ன சத்தத்துக்கு பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.